720720: தீபாவளி நோட்டின் வரிசை எண்ணும் அதற்கு ஒட்டியிருக்கும் பெயர்களும்

ஈசூன் அம்மா

அனைவருக்கும் வணக்கம். தீபாவளியன்று என் மாமியார் பேத்திக்கு அங் பாவ் (அன்பளிப்புப் பணம்) உறையில் வைத்துக் கொடுத்த புது இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டுகளில் ஒன்றின் வரிசை எண், முன்னால் வரும் எழுத்துகளை விட்டுவிட்டால், 720720 என்று அமைந்திருந்தது. உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் மகள் இந்த ஆண்டுதான் எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கக் கற்றிருக்கிறாள். முறுக்குத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அந்த உறையின் பின்புறத்திலேயே வகுக்கத் தொடங்கியவள், இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று எதனால் வகுத்தாலும் மீதியின்றிப் போவதைக் கண்டு வியந்து, கடைசியில் 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13 என்று எழுதிக் கோடு போட்டாள்.

அத்துடன் நின்றிருந்தால் நான் இங்கே எழுத வந்திருக்க மாட்டேன். எண்களின் பண்புகளைப் பட்டியலிட்டுக் காட்டும் ஓர் இணையத்தளத்தில் அவள் இதை இட்டுப் பார்க்க, இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் வந்து விழுந்தன. 240 காரணிகள் உடையது, மிகை எண், உயர் பகு எண், நடைமுறை எண், ஹர்ஷத் எண் என்று நீண்ட அந்தப் பட்டியலின் நடுவே 'ஈவில்' என்றும் ஒரு பெயர் இருந்தது. அதன் பொருளை மாமியார் கேட்க, மகள் 'பொல்லாத எண்' என்று நேரடியாக மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டாள். நல்ல நாளும் அதுவுமாகச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக் கொடுத்த பணத்தை எவன் பொல்லாதது என்று சொன்னான் என்று அவர் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தமிழ் வகுப்பில் ஐந்து நிமிடம் பேசுவதற்கு இந்த எண்ணையே மகள் தலைப்பாக எடுத்துக்கொண்டிருப்பதால் எனக்குச் சில ஐயங்கள் தீர வேண்டும். இத்தனை பெயர்களில் எவை இந்த எண்ணைப் பற்றி உண்மையாகவே ஏதாவது சொல்கின்றன, எவை வேடிக்கைக்கு வைத்தவை? 240 காரணிகள் இருப்பதை ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்காமல் எப்படி அறிவது? கணிதத்தை ஆங்கிலத்திலேயே படித்த அவளுக்கும் எனக்கும் மேலே எழுதியவைதாம் இவற்றுக்குரிய சரியான தமிழ்ச் சொற்களா என்று உறுதியாகத் தெரியாததால், அவற்றையும் யாராவது சொல்லிக் கொடுத்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய கரும்பலகை

அம்மா, வணக்கம். கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். தமிழ்வழிப் பள்ளியில் படித்தவன் என்பதால் சொற்களிலிருந்தே தொடங்குகிறேன். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண் பகா எண். அதற்கு மேலும் காரணிகள் உடையது பகு எண். ஓர் எண்ணின் காரணிகளில் அந்த எண்ணை மட்டும் நீக்கிவிட்டு மற்றவற்றைக் கூட்டும்போது, கூட்டுத்தொகை எண்ணைவிடக் குறைந்தால் குறை எண், சமமானால் நிறைவு எண், மிஞ்சினால் மிகை எண். 8 குறை எண், 6 நிறைவு எண், 12 மிகை எண் என்பதை உங்கள் மகள் விரல்விட்டே சரிபார்த்துக்கொள்ளலாம்.

காரணிகளை எண்ணும் முறைக்குக் கோப்பிக்கடைக்குப் போவோம். கோப்பி, கோப்பி ஓ, கோப்பி சி என்று வகை மூன்று. சர்க்கரை வழக்கம்போல், சியூ தாய் (குறைவாக), கோசோங் (இல்லாமல்) என்று மூன்று. சூடாகவோ பெங்காகவோ (ஐஸ் போட்டு) குடிப்பதில் இரண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு விடையைச் சொன்னால்தான் கடைக்காரருக்கு ஒரு கோப்பி புரிகிறது என்பதால், மொத்தம் 3 × 3 × 2 = 18 விதமாகக் கேட்கலாம். 720720-இன் ஒரு காரணியை உருவாக்குவதும் இப்படித்தான். இரண்டை எத்தனை முறை எடுத்துக்கொள்வது என்ற கேள்விக்கு, ஒரு முறையும் இல்லை என்பது முதல் நான்கு முறை என்பது வரை ஐந்து விடைகள் உண்டு. மூன்றுக்கு மூன்று விடைகள். 5, 7, 11, 13 ஒவ்வொன்றுக்கும் வேண்டும், வேண்டாம் என்று இரண்டிரண்டு. ஆகவே 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. எதையுமே எடுக்காதவருக்கு 1 கிடைக்கிறது. எல்லாவற்றையும் எடுத்தவருக்கு 720720-ஏ கிடைக்கிறது.

காரணிகளின் கூட்டுத்தொகைக்கும் அதே வழிதான். 1 + 2 + 4 + 8 + 16 = 31, 1 + 3 + 9 = 13, பின்னர் 6, 8, 12, 14 என்று வருவனவற்றைப் பெருக்கினால் 32,49,792 கிடைக்கும். இதிலிருந்து எண்ணைக் கழித்தால் 25,29,072. இது எண்ணைப் போல் மூன்றரை மடங்குக்குச் சற்று அதிகம் என்பதால், மிகை எண் என்ற பெயர் இதற்கு மிகவும் அடக்கமான பெயர் என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். நான் வகுப்பில் வைத்திருந்த சோதனை எளிது. 720720 புளியங்கொட்டைகளைத் தரையில் கொட்டி வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இலக்கம் எழுதவே தெரியாத ஒருவர் அவற்றைப் பதினாறு சம குவியல்களாக்க முடியும், பதினைந்தாக்க முடியும், பதினான்காக்க முடியும். ஒன்று முதல் பதினாறு வரை எத்தனை பேருக்குப் பங்கிட்டாலும் ஒரு கொட்டை மிஞ்சாது. 1 முதல் 16 வரையுள்ள எண்களின் மீச்சிறு பொது மடங்கே 720720. பகாக் காரணிகள், காரணிகளின் எண்ணிக்கை, மிகை, உயர் பகு எண் (தன்னைவிடச் சிறிய எதையும்விட அதிகக் காரணிகள் உடையது) ஆகிய அனைத்தும் இப்படிக் கொட்டைகளை நகர்த்தியே கண்டறியக்கூடியவை. இவை எண்ணுக்கே உரியவை.

'நடைமுறை எண்' என்ற பெயரும் இந்த வரிசையில் சேரும். ஒவ்வொரு காரணியின் மதிப்பிலும் ஒரே ஒரு நாணயம் உங்களிடம் இருந்தால், ஒரு வெள்ளி முதல் 720720 வெள்ளி வரை எந்த விலையையும் சில்லறை வாங்காமல் சரியாகக் கொடுத்துவிடலாம் என்பதே அதன் பொருள். 1948-இல் ஸ்ரீனிவாசன் என்ற இந்தியக் கணிதர் இட்ட பெயர் அது.

ஹர்ஷத் எண் அப்படியன்று. மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர், மகிழ்ச்சி தருவது என்ற பொருளில் வைத்த பெயர் இது. தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்ணைக் குறிக்கும். 7 + 2 + 0 + 7 + 2 + 0 = 18; 720720 ÷ 18 = 40040. ஆனால் நமக்குப் பத்து விரல்கள் இருப்பதால் பத்துபத்தாகக் குவித்து எழுதுகிறோம் என்பதன்றி இந்தப் பதினெட்டுக்குப் பின்னால் வேறு காரணமில்லை. எட்டு விரல் மனிதர்கள் வேறு இலக்கங்களை எழுதி வேறு கூட்டுத்தொகையைப் பெறுவார்கள். ராமானுஜனின் நண்பர் ஹார்டி, 8712 = 4 × 2178 போன்ற இலக்க வியப்புகளைப் புதிர்ப்பக்கத்துக்கு உரியவை என்று ஒதுக்கியதும் இதனால்தான். எனவே ஐந்து நிமிடப் பேச்சில் ஹர்ஷத்துக்கு இடம் வேண்டாம் என்பது என் கருத்து.

மாமியாருக்கும் ஒரு சொல். 0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டும் கொண்ட இரும எண்முறையில் எழுதும்போது வரும் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் 'ஈவில்' என்றும் ஒற்றைப்படையாக இருந்தால் 'ஓடியஸ்' என்றும் பெயரிட்டிருக்கிறார்கள். இரட்டைப்படையைக் குறிக்கும் 'ஈவன்' என்ற சொல்லையும் ஒற்றைப்படையைக் குறிக்கும் 'ஆட்' என்ற சொல்லையும் வைத்துச் செய்த சிலேடை அது. தமிழுக்கு வந்தவுடன் சிலேடை இறந்துவிட்டது, பழி மட்டும் நோட்டின்மேல் நின்றுவிட்டது.

தெம்பனிஸ் வாசகன்

மிக அருமையான விளக்கம், ஐயா. இதைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. 720720 என்பது 2 முதல் 16 வரை எல்லாவற்றாலும் வகுபடுகிறது என்றால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள 720719, 720721 ஆகிய இரண்டையும் அவற்றில் எதனாலும் வகுக்க முடியாது. அப்படியானால் அவை இரண்டும் பகா எண்களாகத்தானே இருக்க வேண்டும்? இரட்டைப் பகா எண்களுக்கு நடுவே இந்த எண் அமர்ந்திருக்கிறது என்று மாணவி சொன்னால் பேச்சு இன்னும் சுவைக்குமே.

பொங்கோல் நிரலர்

தெம்பனிஸ் நண்பருக்கு: அப்படிச் சொல்லிவிட வேண்டாம். 16 வரை வகுபடாது என்பதால் 17-க்கு மேலும் வகுபடாது என்று ஆகிவிடாது. நான் நிரல் எழுதிப் பார்த்ததில் 720719 = 31 × 67 × 347 என்றும், 720721 = 71 × 10151 என்றும் பிரிந்தன. சிறிய காரணிகள் இல்லாததால் பகா எண்போல் தோற்றமளித்து ஏமாற்றும் எண்கள் இவை.

ஆனால் உங்கள் கேள்வியால் இன்னொன்று கிடைத்தது. 720720-உடன் 2-ஐக் கூட்டினால் 2-ஆல் வகுபடும், 3-ஐக் கூட்டினால் 3-ஆல் வகுபடும், இப்படியே 16 வரை. கழித்தாலும் அதே கதைதான். அடுத்தடுத்த அண்டை எண்கள் இரண்டும் பகு எண்கள் என்று இப்போது தெரிந்துவிட்டதால், 720704 முதல் 720736 வரை தொடர்ச்சியாக 33 எண்களில் ஒரு பகா எண்கூட இல்லை. இரட்டைப் பகா எண்களுக்கு நடுவே இருக்கிறது என்று சொல்ல நினைத்த எண், உண்மையில் பகா எண்களே இல்லாத ஒரு பொட்டலின் நட்டநடுவில் இருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லலாம்.

ஈசூன் அம்மாவுக்கு: ஆறு இலக்க வரிசை எண்ணில் 1 முதல் 999999 வரை இருக்கலாம் அல்லவா? அத்தனைக்கும் காரணிகளை எண்ணினேன். ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாக வகுக்காமல், சல்லடை முறையில், 1-இன் மடங்குகள் எல்லாவற்றுக்கும் ஒரு புள்ளி, 2-இன் மடங்குகளுக்கு ஒரு புள்ளி என்று போட்டுக்கொண்டே போனால் மடிக்கணினியில் ஓரிரு விநாடிகளுக்குள் முடிந்துவிடும். பத்து இலட்சத்துக்குக் கீழே எந்த எண்ணுக்கும் 240-க்கு மேல் காரணிகள் இல்லை. 240 உடையவை ஐந்தே ஐந்து: 720720, 831600, 942480, 982800, 997920. அந்த ஐந்தில் சிறியது உங்கள் மகளின் உறைக்குள் வந்திருக்கிறது. இதற்கு முந்தைய சாதனை 224 காரணிகளுடன் 665280 வசம் இருந்தது.

பழைய கரும்பலகை ஐயாவிடம் மட்டும் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். ஹர்ஷத் என்பது எழுதும் முறையைச் சேர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இந்த எண்ணை 2 முதல் 10 வரையுள்ள ஒவ்வோர் அடிமானத்திலும் (அதாவது இரண்டிரண்டாக, மும்மூன்றாக என்று தொடங்கிப் பத்துபத்தாகக் குவிப்பது வரை) எழுதி இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தேன். வரிசையாக வந்த கூட்டுத்தொகைகள் 12, 12, 18, 16, 15, 18, 28, 24, 18. ஒன்பதும் 720720-ஐ மீதியின்றி வகுக்கின்றன. அதாவது ஐயா சொன்ன எட்டு விரல் மனிதர்களுக்கு 28 என்ற வேறு கூட்டுத்தொகைதான் கிடைக்கும், ஆனால் அவர்களுக்கும் இது ஹர்ஷத் எண்ணாகவே இருக்கும். இலக்கக் கூட்டுத்தொகை எப்போதும் சிறிய எண்ணாகவே இருக்கும். சிறிய எண்களில் பெரும்பாலானவற்றை 720720 தன் காரணிகளாக வைத்திருக்கிறது. எழுத்துமுறை எந்தச் சிறிய எண்ணை எடுத்து நீட்டினாலும் இது வகுபட்டுக் காட்டுகிறது என்றால், அதற்குரிய பெருமை எண்ணையும் ஓரளவு சேரத்தானே வேண்டும்?

கடைசியாக ஒரு வேடிக்கை. இரும எண்முறையில் 720720 என்பது 10101111111101010000. வால்பகுதியில் உள்ள நான்கு சுழியங்களை நீக்கிவிட்டால் எஞ்சும் 1010111111110101 என்பதை இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றே. திருஞானசம்பந்தர் பாடிய மாலைமாற்றைப் போல. எட்டின் அடிமானத்திலும் 2577520 என்று வந்து, கடைசிச் சுழியத்தை நீக்கினால் அங்கேயும் மாலைமாற்று. இதற்குக் காரணம் ஏதும் எனக்குப் புலப்படவில்லை. ஐயா இதைப் புதிர்ப்பக்கத்துக்கு அனுப்பினால் மறுக்க மாட்டேன்.

குடந்தையான்

கும்பகோணத்திலிருந்து வேலைக்காக இங்கு வந்தவன் என்ற உரிமையில், எங்கள் ஊரில் வளர்ந்தவரைப் பற்றி இரண்டு வார்த்தை. 'உயர் பகு எண்' என்ற வகையை வரையறுத்து முதன்முதலில் ஆழமாக ஆராய்ந்தவர் ராமானுஜன். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் உடைய எண்ணே உயர் பகு எண். லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் 1915-இல் வெளியான அந்த நீண்ட கட்டுரைக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. சங்கம் அப்போது பணமுடையில் இருந்ததால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமல் நின்று, 1997-இல்தான் வெளிவந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட உயர் பகு எண்களைக் கையாலேயே கணக்கிட்டு அட்டவணையாக்கிய அவர், 293318625600 என்ற ஒன்றை மட்டும் தவறவிட்டார். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் பன்னிரண்டு இலக்க எண் ஒன்று கைநழுவியது என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. அவரும் கூட்டல் கழித்தல் செய்த மனிதர்தான் என்று மாணவர்களுக்குச் சொல்ல எனக்கு இந்தத் தகவல் மிகவும் பிடிக்கும்.

720720 வெறும் உயர் பகு எண் மட்டுமன்று, ராமானுஜன் அதற்கும் மேலே வைத்த சிறப்பு உயர் பகு எண் (தன் அளவுக்கு மிக ஆதாயமாகக் காரணிகளைச் சேர்த்த எண்) என்ற வகையில் பத்தாவது. 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040, 55440, 720720 என்று அந்த வரிசை வருகிறது. ஒவ்வொன்றையும் அதற்கு முந்தையதால் வகுத்துப் பாருங்கள்: 3, 2, 5, 2, 3, 7, 2, 11, 13. எல்லாமே பகா எண்கள்.

இது ஏன் என்பதைத் தேக்கா சந்தையில் பேரம் பேசுபவர் எளிதில் புரிந்துகொள்வார். கையில் 55440 இருக்கிறது, அதற்கு 120 காரணிகள். இதை ஏதாவது ஒரு பகா எண்ணால் பெருக்கிக் காரணிகளைக் கூட்ட வேண்டும். பெருக்கும் எண்தான் நாம் கொடுக்கும் விலை. காரணிகள் எத்தனை மடங்காகின்றன என்பது கிடைக்கும் சரக்கு. 2-ஆல் பெருக்கினால் விலை மலிவு, ஆனால் ஏற்கெனவே நான்கு இரண்டுகள் இருப்பதால் காரணிகள் 6/5 மடங்குதான் ஆகும். 3-ஆல் பெருக்கினால் 4/3 மடங்கு, 5-ஆல் பெருக்கினால் 3/2 மடங்கு. புதிதாக 13-ஐக் கொண்டுவந்தால் விலை அதிகம், ஆனால் காரணிகள் ஒரே அடியாக இரட்டிப்பாகின்றன. சரக்கின் மடக்கையை (லாகரிதம்) விலையின் மடக்கையால் வகுத்தால் எது ஆதாயம் என்று தெரிந்துவிடும்: 13-க்கு 0.270, 2-க்கு 0.263, 3-க்கு 0.262, 5-க்கு 0.252, 17-க்கு 0.245. ஆகவே முதலில் 13-ஐ வாங்குகிறோம், 720720-ஐ அடைகிறோம். அடுத்து 2, அதன்பின் 3, 5, 17 என்று அதே வரிசையில் வாங்கினால் 1441440, 4324320, 21621600, 367567200 என்று அடுத்த நான்கு சிறப்பு உயர் பகு எண்களும் தாமாகவே வந்துவிடுகின்றன. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் எவ்வளவு நெருக்கமான போட்டி என்பதைக் கவனியுங்கள்.

கூட்டுத்தொகைப் பக்கமும் ஒரு செய்தி இருக்கிறது. காரணிகளின் எண்ணிக்கைக்குப் பதிலாக அவற்றின் கூட்டுத்தொகையை வைத்து இதே பேரத்தை நடத்தினால் கிடைக்கும் எண்களுக்கு 1944-இல் அலவோக்லுவும் ஏர்டிஷும் பிரம்மாண்ட மிகை எண்கள் என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். 720720 அந்த வரிசையிலும் பத்தாவது. இரண்டு வரிசைகளுக்கும் முதல் பதினைந்து எண்கள் ஒன்றே.

1984-இல் ராபின் என்ற பிரெஞ்சுக் கணிதர் ஒரு வரம்பைக் காட்டினார். ஓர் எண்ணின் இயல் மடக்கையை எடுத்து, அதற்கும் ஒருமுறை மடக்கை எடுத்து, ஏறத்தாழ 1.781-ஆல் பெருக்குங்கள். 5040-க்கு மேற்பட்ட ஒவ்வோர் எண்ணிலும், எல்லாக் காரணிகளின் கூட்டுத்தொகையை அந்த எண்ணால் வகுத்து வரும் ஈவு இந்த வரம்புக்குக் கீழேயே இருக்கும் என்று நிறுவினால், அது பகா எண்களின் பரவலைப் பற்றிய, இன்னும் தீராத ரீமான் கருதுகோளையே நிறுவியதாகும். 5040-க்கு ஈவு 3.838, வரம்பு 3.817, எனவே அது வேலி தாண்டிய எண். 720720-க்கு ஈவு 4.509, வரம்பு 4.634, வேலிக்குள் நிற்கிறது. ஈவு சரியாக 248/55 என்று வருவதை மகள் கையாலேயே கணக்கிடலாம். மடக்கையை அவள் இன்னும் படித்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளட்டும்.

யாழ் தம்பி

சொற்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. நாங்கள் இலங்கையில் படித்தபோது பகா எண்ணை முதன்மை எண் என்றும், பகு எண்ணைச் சேர்த்தி எண் என்றும், மீச்சிறு பொது மடங்கைப் பொது மடங்குகளுட் சிறியது என்றும் சொல்வோம். வகுப்பில் அந்தப் பின்னணியுடைய பிள்ளைகள் இருந்தால் ஒருமுறை இரண்டு சொற்களையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் பகாவுக்கும் பகுவுக்கும் இடையில் ஒலிவேறுபாடு சிறிது என்பதால் கேட்பவர்கள் குழம்புவார்கள்.

பழைய கரும்பலகை

நிரலர் தம்பி என்னைத் திருத்தியது சரி. ஒன்பது அடிமானங்களிலும் வகுபடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எழுத்துமுறை கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறது, விடை சொல்வது எண்தான் என்று என் பழைய சோதனையை இனி மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். ஹர்ஷத்துக்கு அரை நிமிடம் கொடுக்கலாம், அம்மா. மாலைமாற்று எனக்கும் பிடித்திருந்தது, அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

எழுத்துமுறையைப் பற்றிப் பேசுகையில், 720 இருமுறை வருவதை யாரும் இதுவரை தொடவில்லை. மூன்று இலக்கத்தை இருமுறை அடுத்தடுத்து எழுதுவது என்பது அதை 1001-ஆல் பெருக்குவதே. 1001 = 7 × 11 × 13 என்பதால், இப்படி எழுதப்படும் எந்த ஆறு இலக்க எண்ணும், அது 358358 ஆனாலும் சரி, இந்த மூன்றாலும் கட்டாயம் வகுபடும். அப்படியானால் இங்கே எழுத்தின் தோற்றமே எண்ணின் மூன்று காரணிகளைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. மீதியை 720 தருகிறது, அதாவது 1 × 2 × 3 × 4 × 5 × 6. ஆனால் இரட்டித்து எழுதப்படுவது மட்டும் போதாது. 360360-உம் அப்படித்தான் இருக்கிறது, 1 முதல் 15 வரை எல்லாவற்றாலும் வகுபடவும் செய்கிறது, ஆயினும் அது உயர் பகு எண்ணாகாது. அதன் 192 காரணிகளையும் அதைவிடச் சிறிய 332640 ஏற்கெனவே எட்டிவிட்டது.

மகளுக்கு ஒரு கணக்கு, அவள் பாடத்திலிருந்தே: 720720-ஐ எந்த மிகச்சிறிய முழு எண்ணால் பெருக்கினால் விடை ஒரு வர்க்க எண்ணாகும்? உறையின் பின்புறத்தில் எழுதியதைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

ஈசூன் அம்மா

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயாவின் கணக்கை அவளிடம் கொடுத்தேன். இரண்டும் மூன்றும் இரட்டைப்படை அடுக்கில் இருப்பதால் அவற்றைத் தொட வேண்டியதில்லை, தனியாக நிற்கும் 5, 7, 11, 13 ஆகியவற்றுக்குத்தான் துணை வேண்டும் என்று சொல்லி 5005 என்று எழுதினாள். வர்க்கமூலம் 60060 என்பதைக் கைத்தொலைபேசியில் சரிபார்த்தோம்.

எழுத்துமுறையைப் பற்றி நீங்கள் பேசியது எங்கள் வீட்டிலேயே நடந்துவிட்டது. மாமியார் அந்த எண்ணை 'ஏழு இலட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது' என்று படித்தார். அப்படிப் படித்தபோது 720 இருமுறை வருவது அவர் காதுக்கு எட்டவேயில்லை. மகளோ பள்ளியில் எழுதும் வழக்கப்படி மூன்று இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி வைத்து 720,720 என்று எழுதியதால், முதல் பார்வையிலேயே அதைக் கண்டுபிடித்திருந்தாள். ஊரில் வைப்பதுபோல் 7,20,720 என்று வைத்திருந்தால் அவளுக்கும் தெரிந்திருக்காது போலும். பிறகு மாமியார் சற்று யோசித்துவிட்டு, அவருடைய தந்தை கடைக் கணக்கைச் சுழியம் இல்லாத பழைய தமிழ் எண்களில் எழுதுவார் என்று சொல்லி, மகளின் பென்சிலை வாங்கி, நூறுக்கும் பத்துக்கும் ஆயிரத்துக்கும் உரிய குறிகளைத் தட்டுத்தடுமாறி நினைவுக்குக் கொண்டுவந்து, உறையில் மீதமிருந்த இடத்தில் ௭௱௨௰௲௭௱௨௰ என்று எழுதிக் காட்டினார். நடுவில் ஆயிரத்தின் குறி, அதன் இருபுறமும் அதே நான்கு குறிகள். இரட்டிப்பு அதில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மகள் தன் பேச்சை இந்த உறையைக் காட்டித்தான் தொடங்கப் போகிறாளாம்.

'ஈவில்' விவகாரமும் ஒருவழியாகத் தீர்ந்தது. இரும எண்ணில் உள்ள ஒன்றுகளை அவரையே எண்ணச் சொன்னேன். விரலால் தொட்டுத் தொட்டுப் பன்னிரண்டு என்று எண்ணி முடித்தவர், 'இரட்டைப்படை என்றால் இரட்டைப்படை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே' என்றார்.